பார்த்த முகம்தான், ஆனால் யார் என்று ஏன் நினைவுக்கு வருவதில்லை?

கல்யாண வீட்டில் ஒருவரைப் பார்த்ததும் ‘தெரிந்தவர்தான்’ என்று தோன்றுகிறது, யார் என்பது மட்டும் பிடிபடுவதில்லை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். தெரிந்த முகம் என்று உணர்வதும் விவரத்தை நினைவுக்குக் கொண்டுவருவதும் வேறு வேறு வேலைகள்.

முகங்களைப் பிரித்தறிவதில் பெரும்பங்கு மூளையின் அடிப்பரப்பில், முக்கியமாக வலப்பக்கம் இருக்கும் ஃபியூசிஃபார்ம் மடிப்புக்கு. அங்கே பலமாக அடிபட்டவர்களில் சிலர் சொந்த மனைவியைக்கூடக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். ‘எங்கோ பார்த்திருக்கிறோம்’ என்ற உணர்வுக்கு மூளையின் உட்புறம் உள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை ஒட்டியுள்ள பெரிரைனல் புறணி (மூளையின் மேலுறையில் ஒரு பகுதி) உதவுகிறது. எங்கே, எப்போது, யாருடன் என்பதையெல்லாம் கோத்துத் தருவது ஹிப்போகாம்பஸ். முன்னது நடந்து பின்னது சறுக்கினால் உங்கள் கதைதான். (இவ்வளவு கறாராகப் பிரிக்கலாமா என்ற சண்டை ஆய்வாளர்களிடம் இன்னும் ஓயவில்லை.)

ஹிப்போகாம்பஸின் அருமை தெரிந்தது ஹென்றி மொலைசன் என்ற நோயாளியால். 1953இல், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில், தீராத வலிப்புக்காக அவருக்கு அறுவை சிகிச்சை செய்து இருபக்கமும் அதன் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அப்போது வயது 27. வலிப்பு குறைந்தது, ஆனால் புதிதாக எதுவும் மனதில் தங்கவில்லை. பழைய நாட்கள் பலவும் நினைவிருந்தன, புத்திக்கூர்மைக்கும் குறைவில்லை. அவரை ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் ஒவ்வொரு முறையும் அவருக்குப் புது ஆள்தான்.

அப்புறம், மில்னர் மொலைசனுக்கு ஒரு சோதனை வைத்தார்: கண்ணாடியில் பார்த்தபடி, நட்சத்திரத்தின் இரட்டைக் கோட்டுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். மூன்று நாளில் கை நன்றாகத் தேறிவிட்டது. முன்பு செய்தது மட்டும் அவருக்கு நினைவில்லை. கைப்பழக்கத்துக்குச் சிறுமூளை, பேசல் கேங்க்லியா என்று வேறு இடங்கள் இருக்கின்றன.