தாடைக்குக் கால் எலும்பு வைக்க வேண்டுமா, பிளேட் போதுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58, விசைத்தறி ஓட்டுகிறார். பல வருடமாக ஹான்ஸ் (மெல்லும் புகையிலை) போடுகிற பழக்கம். இடது பக்கக் கீழ் ஈறில் ஆறாத புண் இருந்தது. பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. சி.டி. ஸ்கேனில் தாடை எலும்புக்குள்ளும் இறங்கியிருக்கிறதாம். கடைவாய்ப் பல்லிலிருந்து முன்பல் வரை எலும்பை எடுத்துவிட்டு, காலிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டும் என்று ஒரு மருத்துவமனையில் சொன்னார்கள். தெரிந்தவர் ஒருவர் இன்னொரு இடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே, "பிளேட் வைத்தால் போதும், செலவு பாதிதான், எலும்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். கால் எலும்பை எடுத்தால் அப்பா நடப்பாரா? அவருக்குச் சர்க்கரையும் உண்டு. அவரிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. என்ன முடிவெடுப்பது?
– நாமக்கல் மாவட்ட வாசகி

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன். கடைவாயிலிருந்து முன்பல் வரை எலும்பு போகிறது என்றால் கால் எலும்பை வைப்பதுதான் சரி. அதையும் கட்டியை எடுக்கிற அதே ஆபரேஷனிலேயே செய்துவிட வேண்டும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சை நம்பாதீர்கள். அந்தப் 'பிறகு' பலருக்கு வருவதே இல்லை.

காரணம் இதுதான். தாடையில் ஒரு துண்டு போனதும் மீதித் தாடை சும்மா இருக்காது. தசைகள் அதை வெட்டுப்பட்ட பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். மேல் பல்லும் கீழ் பல்லும் ஒன்றோடொன்று சேராது. உதடு தொங்கி எச்சில் வழியும். அதன்மேல் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துவிட்டால் கன்னமும் கழுத்தும் இறுகிப் போகும், எலும்பு வைக்க வேண்டிய இடம் சுருங்கிவிடும், கழுத்து ரத்தக்குழாய்களும் தையலுக்குச் சரியாக ஒத்துழைக்காது. முதல் நாளே செய்திருந்தால் ஒழுங்காக முடிந்திருக்கும் வேலை, ஒரு வருடம் கழித்து இரண்டு மடங்கு கஷ்டமாகிவிடும்.

பிளேட் என்பது டைட்டானியம் பட்டை. வெட்டிய இரண்டு முனைகளையும் அது பிடித்து நிறுத்தும், அவ்வளவுதான். ஒவ்வொரு முறை மெல்லும்போதும் பாரம் முழுக்க அந்தப் பட்டையின் மேலும் சில திருகாணிகளின் மேலும் இறங்குகிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒருநாள் ஒடிவது போலத்தான் அதுவும். திருகாணி லூசாகும், பட்டை உடையும். எலும்புக்குள் இறங்கிய ஈறுப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து சுமார் 6 வாரத்துக்குள் கரண்ட் வைக்கத் தொடங்குவார்கள். அப்போது தோல் மெலிந்து, அடியில் தசை ஆதரவும் இல்லாமல் போனால், பட்டை கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பட்டை மினுமினுவென்று வெளியே தெரிய, கைக்குட்டையால் தாடையை மறைத்துக்கொண்டு வருகிறவர்களை நான் பார்க்காத மாதம் இல்லை. பாதிச் செலவு என்று தொடங்கியவர்கள் பட்டையை எடுக்க ஒரு செலவு, எலும்பு வைக்க மறுபடி ஒரு செலவு என்று முழுச் செலவையும் தாண்டிவிடுகிறார்கள்.

அதற்கு முன்னால் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். நோய் எலும்பின் மேல்விளிம்பை மட்டும் தொட்டிருந்தால், கீழ் விளிம்பை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் செதுக்கி எடுக்க முடியும். அப்போது இந்தப் பேச்சே தேவையில்லை. உங்கள் அப்பாவுக்கு உள்ளே இறங்கிவிட்டது என்று ஸ்கேன் சொல்வதால் அந்த வாய்ப்புக் குறைவு.

ரிப்போர்ட்டில் 'ஸ்டேஜ் 4ஏ' என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து அழாதீர்கள். தாடை எலும்புக்குள் போனாலே அந்த எண்தான் வரும். உடம்பெல்லாம் பரவிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. ஆபரேஷன் செய்து குணப்படுத்தும் நோக்கத்தோடு வைத்தியம் பார்க்கிற நிலைதான் அது.

சரி, கால். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உண்டு. உடம்பின் பாரத்தை ஏறக்குறைய முழுவதும் தாங்குவது முன்னால் இருக்கும் தடித்த எலும்பு. நாங்கள் எடுப்பது வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பு. அதிலும் முழங்கால் பக்கம் ஆறேழு சென்டிமீட்டரும் கணுக்கால் பக்கம் ஆறேழு சென்டிமீட்டரும் விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுக்கிறோம், மூட்டு ஆடக்கூடாது என்பதற்காக. எடுத்த எலும்பை இரண்டு மூன்று இடத்தில் வெட்டித் தாடையின் வளைவுக்கு அமைத்து, சிறு பிளேட்டுகளால் பொருத்துகிறோம். அதோடு வந்த ரத்தக்குழாய்களைக் கழுத்துக் குழாய்களோடு மைக்ராஸ்கோப் வைத்து, முடியைவிட மெல்லிய இழையால் தைக்கிறோம். எலும்போடு ஒட்டி வரும் தோல் துண்டு வாயின் உட்பக்கத்தை மூடும். 1989-இல் நியூயார்க்கில் ஹிடால்கோ என்ற சர்ஜன் தாடைக்கு இந்த முறையைச் செய்து வெளியிட்டார். உங்கள் அப்பாவை வைத்து யாரும் சோதனை பார்க்கப்போவதில்லை.

நடப்பாரா என்றால், நடப்பார். பெரும்பாலோர் ஒரு வாரம் பத்து நாளில் வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கட்டைவிரல் முன்போல் மடங்காமல் போகலாம். தோல் எடுத்த இடத்தில் தொடையிலிருந்து எடுத்த தோலை ஒட்ட வேண்டிவந்தால் அந்தத் தழும்பு நிற்கும். தறியில் மணிக்கணக்கில் நிற்கிற வேலை என்பதால் சாயங்காலம் கணுக்கால் வீங்கும், அதற்கு அவர் தயாராக இருக்கட்டும். ஆனால் சர்க்கரைக்காரர் என்பதால் எந்தக் காலிலிருந்து எடுப்பது என்று முடிவுசெய்யும் முன் கால் ரத்தக்குழாய்களுக்கு சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) கண்டிப்பாக எடுக்க வேண்டும். சிலருக்கு அந்த எலும்போடு வரும் குழாய்தான் பாதத்துக்கே முக்கியக் குழாயாக இருக்கும். அப்படி இருந்தால் அந்தக் காலைத் தொடக்கூடாது. இரண்டு காலும் சரியில்லை என்றால் இடுப்பெலும்பு, தோள்பட்டை எலும்பு என்று வேறு வழிகள் உண்டு.

சர்க்கரையை இன்றிலிருந்தே கட்டுக்குள் கொண்டுவாருங்கள். ஹான்ஸை இன்றே நிறுத்த வேண்டும். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும். தைத்த குழாய் அடைத்துக்கொண்டால் வைத்த எலும்பு செத்துவிடும். குட்காவையும் பான் மசாலாவையும் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை செய்தார்கள். எந்தப் பெட்டிக்கடையில் கிடைக்காமல் இருக்கிறது என்று எனக்கு யாராவது சொல்லட்டும்.

கால் எலும்பு தேவைப்படாத ஒரு நிலையை மட்டும் விளக்கமாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இதைத்தான் ஆளாளுக்கு மாற்றிச் சொல்கிறார்கள். தாடை எலும்பு முன்னால் நாடியில் (முகவாயில்) வளைந்து, இரண்டு பக்கமும் பல் இருக்கும் பகுதியாகப் பின்னால் போய், காதுக்கு முன்னால் மேலே ஏறுகிறது. அந்த ஏறுகிற பகுதியில் பல் கிடையாது. கடைவாய்க்குப் பின்னால், அந்த ஏறும் பகுதியை மட்டும் எடுக்கிறார்கள் என்றால் எலும்பு வைக்காமல், தொடையிலிருந்தோ மார்பிலிருந்தோ தசையும் தோலும் கொண்டுவந்து அடைத்தாலே பலர் நன்றாகச் சமாளிக்கிறார்கள். தாடை கொஞ்சம் ஒரு பக்கம் போகும், ஆனால் சாப்பிடுவார்கள், பேசுவார்கள். வயதானவர், இதயம் பலவீனமானவர் என்றால் அங்கே பத்து மணி நேர ஆபரேஷனுக்கு வற்புறுத்தவே கூடாது. இதற்கு நேர் எதிர் முன்பகுதி. நாடி எலும்பு போய் எலும்பு வைக்கவில்லை என்றால் நாக்கைப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. கீழ் முகமே உள்ளே விழுந்துவிடும், மூச்சுக்கும் ஆபத்து. உங்கள் அப்பாவுக்கு வெட்டு முன்பல் வரை வருகிறது. நடுக்கோட்டைத் தாண்டுகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். தாண்டினால் 'பிளேட் மட்டும்' என்ற பேச்சுக்கே இடமில்லை. யாராவது "என் மாமாவுக்கு எலும்பு வைக்காமலே நன்றாக இருக்கிறார்" என்று சொன்னால், அந்த மாமாவுக்கு எந்தப் பகுதியை எடுத்தார்கள் என்று முதலில் விசாரியுங்கள். பெரும்பாலும் அது பின்பகுதியாகத்தான் இருக்கும்.

இப்போது அந்தத் 'தெரிந்தவர்' விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது அவர்தான். புற்றுநோய் மருத்துவமனை வாசலில் டீக்கடைப் பக்கம் பாருங்கள். கையில் ஸ்கேன் கவரோடு ஒரு குடும்பம் நின்றால், "எத்தனாவது ஸ்டேஜ்?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் வருவார். 'இங்கே தேதி கிடைக்க இரண்டு மாதம் ஆகும், நான் சொல்கிற இடத்தில் நாளைக்கே அட்மிஷன், எல்லாம் பேக்கேஜ்' என்பார். உறவினர், ஊர்க்காரர், முன்பு வார்டில் வேலை பார்த்தவர் என்று பல வேஷத்தில் வருவார்கள். நோயாளியை அனுப்பியதற்காக டாக்டர் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளின்படி குற்றம். அந்தக் கமிஷன் கடைசியில் உங்கள் பில்லில்தான் ஏறும். பேக்கேஜுக்குள் இரண்டு சர்ஜன் குழு வேண்டிய ஆபரேஷனை அடக்க முடியாதபோதுதான் 'பிளேட் போதும்' என்ற அறிவுரை பிறக்கிறது.

அதனால் எந்த மருத்துவமனையாக இருந்தாலும் டாக்டரிடம் நேரில் கேளுங்கள். ரத்தக்குழாயைத் தைக்கப் போவது யார்? அவர் இங்கேயே இருப்பவரா, ஆபரேஷனுக்கு மட்டும் வந்துபோகிறவரா? மாதத்துக்கு இப்படி எத்தனை செய்கிறீர்கள்? ராத்திரி இரண்டு மணிக்கு வைத்த தோல் நீலமானால் மறுபடி தியேட்டரைத் திறக்க ஆள் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். முதல் இரண்டு மூன்று நாள் நர்ஸ் மணிக்கொரு தரம் வந்து, வாய்க்குள் வைத்த தோலை விரலால் அழுத்தி நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பார், குழாயின் சத்தத்தை டாப்ளர் கருவியில் கேட்பார். நீலம் ஓடினால் ரத்தம் திரும்பிப் போகவில்லை என்று அர்த்தம், வெளிறினால் ரத்தம் வரவே இல்லை என்று அர்த்தம். சில மணி நேரத்துக்குள் திறந்து சரிசெய்தால் பல சமயம் காப்பாற்றிவிடலாம், காலைவரை விட்டால் முடியாது. பழக்கமுள்ள இடங்களில் நூற்றில் தொண்ணூற்றைந்துக்கு மேல் நிற்கிறது. அதற்குக் காரணம் ஆபரேஷன் மட்டுமில்லை, இந்த ராக்காவலும்தான்.

'முப்பரிமாணப் பிரிண்டில் தாடையே செய்து தருகிறோம்' என்றும் சிலர் வருவார்கள். கணினியில் திட்டமிட்டு மாதிரி செய்துகொள்வது நல்ல உதவிதான், ஆனால் அது இல்லாமலும் நல்ல சர்ஜன்கள் இதே வேலையைச் செய்கிறார்கள். அதற்காகக் கடன் வாங்காதீர்கள். ஆபரேஷனே வேண்டாம், லேகியத்தில் கரைத்துவிடுகிறேன் என்கிறவரிடம் ஒரு மாதம் போனால் எலும்பில் இன்னும் ஆழமாகப் போகலாம்.

பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். அட்டை வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவரைத் தள்ளி வையுங்கள், அது இலவசம். கட்டியை எடுப்பதற்கும் எலும்பு வைப்பதற்கும் சேர்த்தே முன் அனுமதி கேட்கும்படி மருத்துவமனையிடம் சொல்லுங்கள். இரண்டையும் தனித்தனியாக அனுப்பி, ஒன்று வந்து இன்னொன்று வராமல் ஆபரேஷன் தேதி தள்ளிப்போவதைப் பார்த்துச் சலித்துவிட்டது. கட்டி வளர்வதற்கு அனுமதிக் கடிதம் தேவையில்லை என்பது அந்த மேஜைகளில் இருப்பவர்களுக்குப் புரிகிற நாள் எப்போது வருமோ. தனியார் பாலிசி இருந்து, 'பிளாஸ்டிக் சர்ஜரி, தர முடியாது' என்று மறுத்தால் விட்டுவிடாதீர்கள். அழகுக்கான சர்ஜரியை விலக்கும் அந்த விதியிலேயே, விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்கு அது பொருந்தாது என்று எழுதியிருக்கிறது. அந்த வரியைக் காட்டி எழுத்தில் மேல்முறையீடு செய்யுங்கள்.

அப்புறம், அப்பாவிடம் சொல்லுங்கள். பயந்துவிடுவார் என்று மறைக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் கண் விழிக்கும்போது கழுத்தில் மூச்சுக்கு ஓட்டை போட்டிருப்பார்கள், பேச்சு வராது, மூக்கில் டியூப், காலில் கட்டு. ஈறுப் புண்ணுக்கு ஆபரேஷன் என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போன மனிதர் அந்த நேரத்தில் எப்படித் தவித்துப்போவார்? டியூபைப் பிடுங்கியவர்கள் உண்டு. பெரும்பாலும் அந்த ஓட்டை தற்காலிகம்தான், சில நாளில் மூடிவிடும். வாயால் சாப்பிடவும் கொஞ்ச நாள் ஆகும். இதையெல்லாம் முன்கூட்டியே அவரிடமே சொல்லச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள், படிவத்தில் கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும். இதே ஆபரேஷன் முடிந்து நடமாடுகிற ஒருவரைச் சந்திக்க வைக்க முடியுமா என்றும் வார்டில் விசாரியுங்கள். என் நூறு வார்த்தையைவிட அவர் வாயைத் திறந்து காட்டுவது அப்பாவுக்குப் போதும்.

கடைசியாக, பல் டாக்டரிடம் காட்டாமல் ஆபரேஷனுக்குப் போகாதீர்கள். மீதி இருக்கும் கெட்ட பற்களை ஆபரேஷனோடு சேர்த்தே எடுத்துவிடலாம். கரண்ட் வைத்த தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகத் தொடங்கும் ஆபத்து உண்டு. டாக்டர் அனுமதித்ததும், ஐஸ்கிரீம் குச்சிகளைப் பற்களுக்கு நடுவில் ஒவ்வொன்றாகச் சேர்த்து வாயைத் திறக்கும் பயிற்சியை வீட்டில் தினமும் நாலைந்து தடவை செய்யட்டும். கரண்ட் முடிந்த பிறகும் மாதக்கணக்கில் விடக்கூடாது. கழுத்தில் கரண்ட் பட்டவருக்குத் தைராய்டு குறையலாம் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த ரத்தப் பரிசோதனையையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.