மட்டக்களப்பில் மாவீரர் நாள் எப்போது தொடங்கியது?

போருக்குப் பிறகு வந்த வழக்கமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அதற்கு வெகு முந்தியது. விடுதலைப் புலிகளில் முதலில் உயிரிழந்த சங்கர் இறந்தது 1982 நவம்பர் 27. அந்த நாளை இயக்கம் 1989 முதல், உயிரிழந்த தன் போராளிகள் எல்லோருக்குமான மாவீரர் நாளாக நினைவுகூர்ந்தது. தரவை, தாண்டியடி, கண்டலடி, மாவடிமுன்மாரி, அம்பாறைப் பக்கம் கஞ்சிகுடிச்சாறு ஆகிய துயிலும் இல்லங்களில், அதாவது போராளிகளின் கல்லறைகள் இருந்த இடங்களில், மாலை 6.05க்குச் சுடர் ஏற்றுவார்கள்; சங்கர் உயிர் பிரிந்த நேரம் அது. இயக்கத்துக்கு அது அரசியல் நாள். கல்லறைக்கு முன் அழுத தாய்க்கு வெறும் திவசம் என்றே நான் நினைக்கிறேன்.

2007இல் கிழக்கு மாகாணம் இராணுவத்தின் கைக்குப் போனது. கல்லறைகள் இடிக்கப்பட்டன, விளக்கு வீட்டுக்குள் ஒதுங்கியது. 2016இலிருந்து மறுபடியும் வெளியில் கூடுகிறார்கள், சில ஆண்டுகளில் நீதிமன்றத் தடையோடு மல்லுக்கட்டி. தாண்டியடியில் துயிலும் இல்லக் காணியில் பொலிஸ் விசேட அதிரடிப்படை முகாம் இருந்ததால் சனங்கள் பக்கத்துக் காணியில் சுடர் ஏற்றினார்கள்.