பத்து முதலிலா, இருபது முதலிலா? டூமா நாவல்களை வாசிக்கும் வரிசை

கேள்வி: பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமாவின் 'தி த்ரீ மஸ்கிட்டியர்ஸ்' நாவலைச் சின்ன வயதில் சிறுவர் பதிப்பாகப் படித்தேன். இப்போது அதன் தொடர்ச்சியை ஆங்கிலத்தில் படிக்க ஆசை. கடையில் 'டென் இயர்ஸ் லேட்டர்', 'ட்வென்ட்டி இயர்ஸ் ஆஃப்டர்', 'தி மேன் இன் தி அயர்ன் மாஸ்க்' என்று தனித்தனியாக இருக்கின்றன. பத்தை முடித்துவிட்டு இருபதுக்குப் போவதா? ஐந்து நூல்கள் கொண்ட 'முழுத் தொகுப்பு' ஒன்றையும் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இருபதுதான் முதலில். உங்களைப் போலவே பலரும் பத்தை முதலில் வாங்கிவிட்டு, யார் யாரென்றே புரியாமல் ஐம்பதாம் பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறார்கள்.

முதல் நாவலின் கதை 1625-இல் தொடங்கி, லா ரோஷெல் என்ற துறைமுக நகரின் முற்றுகையோடு 1628-இல் முடிகிறது. அங்கிருந்து இருபது ஆண்டு தள்ளி, 1648-இல் பாரிஸே கொந்தளித்துக் கிடக்கும்போது 'ட்வென்ட்டி இயர்ஸ் ஆஃப்டர்' தொடங்குகிறது. அதற்கும் ஏறக்குறையப் பத்து ஆண்டு கழித்து, 1660-இல் மூன்றாவது நாவல். அதன் பெயர் 'தி விகோம்ட் டி பிராஜலோன்'. 'டென் இயர்ஸ் லேட்டர்' என்பது அதன் துணைத்தலைப்பு. ஆக, மொத்தம் மூன்றே நாவல்கள்.

குழப்பமெல்லாம் மூன்றாவதில்தான். அது அவ்வளவு பெரியது என்பதால் ஆங்கிலப் பதிப்பாளர்கள் ஒருவர் மூன்றாக, ஒருவர் நான்காக, இன்னொருவர் ஐந்தாக வெட்டினார்கள். நான்காக வெட்டியதில் 'டென் இயர்ஸ் லேட்டர்' இரண்டாவது துண்டு, 'தி மேன் இன் தி அயர்ன் மாஸ்க்' கடைசித் துண்டு. கடைசித் துண்டைத் தனி நாவல் போல அட்டை போட்டு விற்கிறார்கள். டூமா இறந்தது 1870-இல். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், கேட்க நாதியில்லை. முதுகட்டையில் இது எத்தனையாவது பகுதி என்று ஓர் எண் போட என்ன செலவாகிவிடும்? அதைக்கூடச் செய்யாமல் வாசகர் தலையில் கட்டுகிறார்கள்.

அட்டையை நம்பாதீர்கள், முதல் பக்கத்தைப் பாருங்கள். 1625 ஏப்ரலில் மங் என்ற ஊர் வந்தால் அது முதல் நாவல். காகிதம் குவிந்த மேசையில் கைகளில் தலையைத் தாங்கி ஒருவர் யோசனையில் ஆழ்ந்திருந்தால் இரண்டாவது. 1660 மே மாதக் காலையில் குதிரைக்காரர்கள் பாலம் கடந்து புளுவா நகருக்குள் நுழைந்தால் மூன்றாவதன் தொடக்கம், அட்டையில் என்ன பெயர் இருந்தாலும் சரி. இந்த மூன்றும் இல்லையென்றால் கையில் இருப்பது நடுத்துண்டோ கடைசித் துண்டோதான்.

'முழுத் தொகுப்பு' விஷயத்தில் மிகவும் கவனம். மூன்றாவதை மூன்றாக வெட்டிய பதிப்பானால் ஐந்து நூல் கணக்குச் சரி. நான்காக வெட்டியதானால் ஆறு இருக்க வேண்டும். ஐந்துதான் இருக்கிறது என்றால் ஒரு துண்டை விழுங்கிவிட்டார்கள் என்று பொருள். எண்ணிக்கையை நிரப்ப 'தி சன் ஆஃப் போர்த்தோஸ்' உள்ளே நுழைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். டூமா பெயரைப் போட்டு விற்றாலும் அது டூமா எழுதியதல்ல. அவர் இறந்தபின் போல் மாலென் என்பவர் எழுதியது.

முதல் நாவலை ஒருமுறை படித்தவர்கள் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்கு அது பொருந்தாது. சிறுவர் பதிப்புகளில் பெரும்பாலும் வைரப் பதக்கங்களை மீட்கும் சாகசம் முழுதாக இருக்கும், வில்லி மிலேடியின் கதையைக் கத்தரித்துவிடுவார்கள். அவள் இங்கிலாந்தில் சிறைப்பட்டு, தன்னைக் காவல் காக்கும் இளைஞனின் மனத்தை நாளுக்கு நாள் கரைப்பதையும், கடைசியில் நண்பர்கள் நால்வரும் அவளை நள்ளிரவில் விசாரிப்பதையும் குழந்தைகளுக்கு வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த இரவுக்கான பழிதான் இரண்டாம் நாவலை ஓட்டுகிறது. பழிவாங்க யார் வருகிறார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த இரவில் நடந்தது தெரியாமல் போனால், நால்வரில் ஒருவரான அத்தோஸ் ஏன் அப்படி நிலைகுலைகிறார் என்பது விளங்காது. முழு நூலையும் படிக்க நேரமில்லையென்றால், 52-ஆம் அத்தியாயத்திலிருந்து கடைசிவரையாவது படியுங்கள். முழுப் பதிப்பில் 67 அத்தியாயமும் ஒரு பின்னுரையும் இருக்கும். குறைந்தால் அது சுருக்கம்.

புராஜெக்ட் குட்டன்பர்க் இணையதளத்தில் மூன்று நாவல்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. மூன்றாவது அங்கே நான்கு துண்டு. அச்சு நூல்தான் வேண்டுமென்றால் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து முதல் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பணம் கொடுக்காதீர்கள்.