ஜனவரி 19-உடன் நின்றுபோகிற டயரி

கேள்வி: எனக்கு 36 வயது. கொடைக்கானலுக்கு அப்பால் பூம்பாறையில் இருக்கிறேன். கணவருக்குப் பூண்டு விவசாயம். பள்ளியில் கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கியவள் நான். இப்போது எனக்கு என்ன பிடிக்கும் என்பதே மறந்துவிட்டது. டயரி எழுதினால் மனம் தெளியும், கதை எழுதவும் கை பழகும் என்கிறாள் தோழி. உரக்கடையில் கொடுக்கும் டயரியில் மூன்று வருடமாகத் தொடங்குகிறேன். ஜனவரி 19, 20-க்குள் நின்றுவிடுகிறது. எழுத என்ன இருக்கிறது? பூண்டு ஆய்கிறேன், பனி இறங்கினால் துணி எடுக்கிறேன். விதைப் பூண்டைக்கூட மாமியார்தான் பிரிப்பார், பத்து வருடமாக என்னைத் தொட விட்டதில்லை. எனக்கு நல்ல தமிழும் வராது. யாராவது எடுத்துப் படித்துவிட்டால் என்ற பயம் வேறு.
– பெயர் வேண்டாம், பூம்பாறை

பதில்: அந்த உரக்கடை டயரியை முதலில் பால் கணக்குக்குக் கொடுத்துவிடுங்கள். தேதி அச்சிட்ட பக்கம் வட்டிக்காரரைப் போன்றது. ஒரு நாள் தவறினால் மறுநாள் வாசலில் வந்து நிற்கும். பிள்ளைகள் மிச்சம் வைத்த கோடு போட்ட நோட்டு போதும். தேதியை நீங்களே போடுங்கள், எழுதுகிற அன்றைக்கு மட்டும்.

எழுத ஒன்றுமில்லை என்கிறீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மனம், மறதி, தெளிவு என்றெல்லாம் எழுதியிருப்பவை யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியவை. உங்களை எனக்குக் காட்டியது, போகிற போக்கில் நீங்கள் போட்டுவிட்டுப் போன அந்த விதைப் பூண்டு வரிதான். பத்து வருடம்! அதை எழுதுங்கள். மாமியார் எங்கே உட்காருகிறார், எதிரே இருப்பது முறமா, சாக்கா, கட்டைவிரல் பூண்டின் எந்த இடத்தில் இறங்குகிறது, எந்தப் பல்லை விதைக்கு வைக்கிறார், எதைக் குழம்புக்குத் தள்ளுகிறார், அந்த நேரத்தில் நீங்கள் எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள். ‘வருத்தம்’, ‘கோபம்’ என்ற சொற்களைக் கடைசி வரிவரை தள்ளிப்போடுங்கள். அங்கே வந்து சேரும்போது அது கோபமே அல்ல, அந்த வேலை எனக்கும் தெரிய வேண்டும் என்கிற ஆசை என்று தெரியவரலாம். வெறும் கோபமாகவே இருந்தாலும் சரி, யார் மேல் என்றாவது தெரிந்துவிடும். கதைக்கும் இதுதான் பயிற்சி. வேறு பயிற்சி இருப்பதாக நான் நம்பவில்லை.

நான் சொல்வது வெறும் அனுபவ வாக்கு அல்ல. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் தினம் 15 நிமிடமாக நான்கு நாள் தங்கள் வாழ்வின் கசப்பான நிகழ்வுகளை எழுதச் சொன்னார். நடந்ததையும் அது மனதில் செய்ததையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் கனத்துத்தான் இருந்தது. உங்களுக்கும் அப்படி இருந்தால் பயப்படாதீர்கள். நாள்கணக்கில் இறங்காத கனமாக இருந்தால் நோட்டை மூடிவிட்டு ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

நல்ல தமிழ் வராதாமே! புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடையாளாகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அன்றைய பேச்சுத் தமிழில், கப்பல் வந்தது, சரக்கு விலை, ஊர் வம்பு என்று எழுதியதுதான். இன்று வரலாற்று ஆசிரியர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள். வடுகபட்டிச் சந்தையில் பூண்டு என்ன விலைக்குப் போனது என்று நீங்கள் எழுதினால் யாருக்குக் குறைச்சல்?

விட்டுப்போன நாட்களைப் பற்றியும் ஒன்று. உங்கள் மலையிலேயே, 1899-இல் ஏற்பட்ட கொடைக்கானல் வானாய்வகத்தில், நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். மேகம் மூடிய நாட்களுக்குப் படம் இல்லை. அதற்காக யாரும் ஆய்வகத்தைப் பூட்டிவிட்டுப் போகவில்லை. சூரியனின் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவது ஒரு நாள் படத்தில் தெரிவதில்லை. வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. ஆறு மாதம் கழித்து உங்கள் நோட்டை ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். எது திரும்பத் திரும்ப வருகிறதோ அதன் கீழே கோடு போடுங்கள். அதுவரை பழைய பக்கங்களைப் புரட்டாதீர்கள்.

பயம் நியாயமானது. எனக்குப் பதினாறு வயதில் என் அண்ணன் என் நோட்டை எடுத்து, விருந்தாளிகள் முன் உரக்கப் படித்தான். எட்டு வருடம் நான் ஒரு வரி எழுதவில்லை. அதனால் ஒளித்து வைப்பதை மட்டும் நம்பாதீர்கள். ‘இது என்னுடையது, படிக்க வேண்டாம்’ என்று கணவரிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அப்படியும் சொல்ல முடியாத விஷயமென்றால் தனித்தாளில் எழுதி அடுப்பில் போட்டுவிடலாம், எழுதியது எழுதியதுதான். விதைப் பூண்டைப் பற்றி எழுதியதை எனக்கும் அனுப்ப வேண்டாம்.

மைப்பேனா மட்டும் வேண்டாம். உங்கள் ஊர் ஈரத்தில் எழுத்து ஊறிப் பரவிவிடும். பென்சிலோ பால்பாயின்ட் பேனாவோ எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டு அடுப்படிச் சூடு படுகிற அலமாரியில் இருக்கட்டும், பூஞ்சை பிடிக்காது.