தட்டு வரைக்கும் உங்கள் வேலை

கேள்வி: எங்கள் மகனுக்கு மூன்றரை வயது. வரும் ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்கப் போகிறோம். ஒன்றரை இட்லி ஊட்ட ஒரு மணி நேரம் ஆகிறது. செல்போனில் பாட்டு ஓடினால்தான் வாயைத் திறக்கிறான். போனை வாங்கிவிட்டால் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு விழுங்காமலே உட்கார்ந்திருக்கிறான். என் அத்தை (மாமியார்) கிண்ணத்தோடு வாசலுக்கும் மாடிக்கும் அவன் பின்னாலேயே ஓடுகிறார். பாலாவது உள்ளே போகட்டும் என்று சர்க்கரையும் சத்துப் பவுடரும் போட்டு நாளைக்கு நான்கு டம்ளர் கொடுக்கிறோம். எடை 13.5 கிலோ, உயரம் 97 செ.மீ. டாக்டரிடம் பசிக்கு சிரப் கேட்டேன். ‘நன்றாகத்தானே இருக்கிறான், வேண்டாம்’ என்று அனுப்பிவிட்டார். பள்ளிக்கூடத்தில் இவனுக்கு யார் ஊட்டுவார்கள்?

— ஈரோடு மாவட்ட வாசகி

பதில்: உங்கள் டாக்டர் சொன்னதை நம்புங்கள். மூன்றரை வயதுப் பையன்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் நடுக்கோடு சுமார் 15 கிலோ, 100 செ.மீ. பக்கம் போகிறது. உங்கள் பையன் அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கிறான், அவ்வளவுதான். 12 கிலோவுக்குக் கீழே இறங்கினால்தான் எடைக்குறைவு என்று நாங்கள் எழுதுவோம். நடுக்கோடு என்பது எல்லாப் பிள்ளைகளும் எட்ட வேண்டிய இலக்கு இல்லை. பாதிப் பிள்ளைகள் அதற்குக் கீழேதான் இருப்பார்கள்.

அப்படியானால் ஏன் பசிக்கவே மாட்டேன் என்கிறது? பிறந்ததிலிருந்து முதல் பிறந்தநாளுக்குள் ஒரு குழந்தை ஆறு, ஏழு கிலோ ஏறிவிடும். இரண்டு வயதைத் தாண்டிய பிறகு வருடத்துக்குச் சுமார் 2 கிலோதான் ஏறும். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு ஐந்தாறு கிராம். கைக்குழந்தையாக இருந்தபோது அவன் சாப்பிட்ட வேகத்தை இன்னும் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவன் உடம்புக்கு அந்த வேகம் இப்போது தேவையில்லை. காலையில் ஒன்றுமே வேண்டாம் என்பான், மதியம் இரண்டு மடங்கு சாப்பிடுவான், மறுநாள் தலைகீழாக இருக்கும். ஒரு வாரத்தைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு சரியாக வரும்.

இனி பாலுக்கு வருவோம். என்னைக் கேட்டால் உங்கள் வீட்டுப் பிரச்சினையில் பாதி அந்த நான்கு டம்ளரில்தான் இருக்கிறது. டம்ளருக்கு 200 மில்லி என்று வைத்தால் நாளைக்கு 800 மில்லி. அதிலேயே ஏறக்குறைய 500 கலோரி போய்விடுகிறது. சர்க்கரையும் பவுடரும் சேர்ந்தால் 650, 700 வரை போகும். இந்த வயதில் ஒரு நாளைக்குத் தேவையே 1,100 முதல் 1,300 கலோரிதான். அவன் ‘ஒன்றுமே சாப்பிடவில்லை’ என்று நீங்கள் கவலைப்படுகிற நாளில் பாதி உணவை டம்ளரிலேயே முடித்துவிட்டிருக்கிறான். அப்புறம் இட்லிக்கு இடம் எங்கே இருக்கும்?

இன்னொரு சங்கடமும் உண்டு. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலே உணவாகிப்போன பிள்ளைக்கு ரத்தசோகை வரும், மலச்சிக்கல் வரும். இரண்டும் பசியை இன்னும் அடக்கும். பசிக்கவில்லை என்று மறுபடி பாலையே கொடுப்போம். இந்தச் சுற்றை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆகவே இரண்டு சிறிய டம்ளர், மொத்தம் 400 மில்லி போதும். பவுடர் வேண்டாம். சாப்பாட்டுக்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தில் பால், ஜூஸ், பிஸ்கட் எதுவும் கூடாது. தண்ணீர் மட்டும் குடிக்கலாம். இதை ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்து பத்து நாள் பாருங்கள்.

சிரப் பற்றி இரண்டு வரி. பசி மருந்து என்று விற்கப்படும் பல சிரப்களில் இருப்பது சைப்ரோஹெப்டடின் என்ற அலர்ஜி மருந்து. பசியைக் கொஞ்சம் தூண்டும், தூக்கக் கலக்கமும் தரும். நிறுத்தினால் பசி பழையபடி ஆகிவிடும். நன்றாக வளர்கிற பிள்ளைக்கு அது தேவையில்லை.

இப்போது போனை எடுத்துக்கொள்வோம். படத்தைப் பார்த்தபடி வாயைத் திறக்கிற பிள்ளைக்குத் தான் சாப்பிடுகிறோம் என்பதே தெரியாது. பசிக்கிறதா, வயிறு நிறைந்ததா, வாயில் இருப்பது பீர்க்கங்காயா பருப்பா, எதுவும் மனதில் பதியாது. படம் நின்றதும் வாயில் இருப்பது திடீரென்று தெரிகிறது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கன்னத்தில் அடக்குகிறான். அதைப் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். மென்று விழுங்குவதைக் கவனித்துச் செய்கிற பழக்கமே அவனுக்கு இன்னும் வரவில்லை. ஐந்து வயதுக்குள் நாளைக்கு மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. உங்கள் வீட்டில் மூன்று வேளைச் சாப்பாட்டிலேயே அது தாண்டிவிடுகிறது.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இன்று பத்து நிமிஷம், நாளை ஐந்து நிமிஷம் என்றால் ஒவ்வொரு வேளையும் பேரம்தான் நடக்கும். ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்து ஒரேயடியாக நிறுத்துங்கள். முந்தின நாளே சொல்லிவிடுங்கள்: ‘நாளையிலிருந்து சாப்பிடும்போது போன் தூங்கப் போயிடும் சாமி, எல்லார் போனும்.’ சொன்னபடி உங்கள் போன், அவன் அப்பா போன், டிவி ரிமோட் எல்லாம் அலமாரிக்குள் போக வேண்டும். அப்பா மட்டும் மேஜையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த முயற்சி முதல் வேளையிலேயே முடிந்துவிடும்.

சாப்பிடும் இடம் ஒன்றுதான். தரையில் பாயோ, சின்ன நாற்காலியோ, எதுவானாலும் தினமும் அதே இடம். வீட்டில் ஒருவராவது அவனோடு உட்கார்ந்து தானும் சாப்பிட வேண்டும். அவனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கக் கூடாது. சின்னத் தட்டில் கொஞ்சமாக வையுங்கள். வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று நாங்கள் ஒரு கணக்குச் சொல்வோம். அதாவது மூன்று கரண்டி அரிசிம்பருப்பு சாதம், மேலே கொஞ்சம் நெய், ஓரத்தில் இரண்டு துண்டு கேரட். காலையில் ஒரே ஒரு இட்லி. குவித்த தட்டைப் பார்த்தாலே பிள்ளைக்கு மலைப்பு வரும். கொஞ்சமாக இருந்தால் ‘இன்னும் வேணும்’ என்று கேட்க அவனுக்கு வாய்ப்பு இருக்கும். அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துப் பாருங்கள்.

என்ன சமைப்பது, எப்போது, எங்கே கொடுப்பது, இந்த மூன்றும் உங்கள் முடிவு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது அவன் முடிவு. எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் வகுத்த முறை இது. எத்தனையோ வீடுகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், பலன் தந்திருக்கிறது. 25 நிமிஷம் ஆனதும் திட்டாமல், முகத்தைச் சுருக்காமல் தட்டை எடுத்துவிடுங்கள். ‘போதுமா? சரி, சாயங்காலம் சுண்டல் இருக்கு’ என்று சொன்னால் போதும். நடுவில் அழுது பிஸ்கட் கேட்பான். அங்கே இளகிவிட்டால், சாதத்தை மறுத்தால் பிஸ்கட் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான்.

முதல் மூன்று நான்கு நாள் குறைவாகத்தான் சாப்பிடுவான். கத்துவான், தட்டைத் தள்ளுவான். உங்களுக்கு அழுகை வரும். ஓடியாடி விளையாடுகிறான், சிறுநீர் வழக்கம்போல் போகிறது என்றால் பயமில்லை.

இதில் கஷ்டமானது அத்தை விஷயம்தான், தெரியும். ‘டாக்டர் உங்களை ஊட்டக் கூடாதுன்னுட்டார்’ என்று மட்டும் போய்ச் சொல்லிவிடாதீர்கள். பேரன் வயிறு வாடக்கூடாது என்று இந்த வயதில் மாடிப்படி ஏறி இறங்குகிறவர் அவர். அந்த அன்பைத் தடுக்காதீர்கள், வேறு வேலை கொடுங்கள். ‘அத்தை, அவன் கையில சாப்பிடப் பழகணுமாம். நீங்க பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டுங்க, உங்களைப் பார்த்துத்தான் கத்துக்குவான்’ என்று கேளுங்கள். அவனை அத்தை பக்கத்தில் அடுப்படியில் உட்கார வைத்து, அவன் முன்னால் ஒரு முறத்தில் பட்டாணியையோ அவரைக்காயையோ போடுங்கள். கறிவேப்பிலை உருவட்டும். அரிவாள்மனை மட்டும் எட்டாத இடத்தில் இருக்கட்டும். தான் உரித்த பட்டாணியைக் குழம்பில் தேடி எடுத்து, ‘அப்பத்தா, இது நான் உரிச்சது’ என்று வாயில் போடுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டாணிக்கு எந்தப் பாட்டும் தேவைப்படாது.

ஓடவிட்டு ஊட்டுவதை நிறுத்தச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதை அத்தையிடம் அழுத்தமாகவே சொல்லுங்கள். வாயில் உணவோடு ஓடும்போதோ, சிரிக்கும்போதோ, அழும்போதோ மூச்சை உள்ளே இழுத்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை இவையெல்லாம் இந்த வயதில் ஆபத்து. கடலை போய் அடைத்தால் மயக்க மருந்து கொடுத்து, குழாய் விட்டு எடுக்க வேண்டியிருக்கும். ஐந்து வயது வரை கடலையைப் பொடித்தோ அரைத்தோ கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். சுண்டலையும் நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுங்கள்.

போன மாதம் என் அறைக்கு ஒரு மூன்று வயதுச் சிறுமி வந்தாள். ‘எதுவுமே தொட மாட்டேங்கிறா சார்’ என்று அவள் அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மடியில் இருந்த அந்தக் குழந்தை பையைத் திறந்து ஒரு பூவன் பழத்தை எடுத்தாள். மேல் காம்பு வரவில்லை. அடிப்பக்கம் திருப்பிப் பல்லால் கடித்து உரித்தாள். தொங்கிய நாரை ஒவ்வொன்றாக இழுத்து அம்மா புடவையில் துடைத்தாள். பிறகு நிதானமாகப் பழம் முழுவதையும் சாப்பிட்டு முடித்துத் தோலை என் மேஜையில் வைத்தாள். இதற்கெல்லாம் ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. நான் கையைக் காட்டிய பிறகுதான் குனிந்து பார்த்தார். உங்கள் பையனும் யாரும் பார்க்காதபோது என்ன செய்கிறான் என்று ஒரு நாள் பாருங்கள்.

புதிய காய்களை மறுப்பது இந்த வயதின் இயல்பு. இரண்டிலிருந்து ஆறு வயது வரை அது தூக்கலாகவே இருக்கும். ஒரு காயைப் பத்துப் பதினைந்து தடவை தட்டில் பார்த்த பிறகுதான் பல பிள்ளைகள் வாயில் வைப்பார்கள். நாம் மூன்றாம் தடவையோடு ‘அவனுக்குப் பிடிக்காது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். தொட்டுப் பார்த்தான், முகர்ந்தான், நாக்கில் வைத்துத் துப்பினான் என்றால் அதுவும் முன்னேற்றம்தான். வற்புறுத்தாமல் ஒரே ஒரு துண்டு வைத்துக்கொண்டே இருங்கள். ‘கீரை சாப்பிட்டா சாக்லேட்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் கீரை கஷ்டமானது, சாக்லேட்தான் நல்லது என்று நாமே அவனுக்குப் பாடம் நடத்துகிறோம்.

சில அறிகுறிகள் இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள்: ஆறு மாதமாக எடை ஏறவே இல்லை அல்லது குறைகிறது, கட்டியான உணவு எதைக் கொடுத்தாலும் குமட்டலோ புரையேறலோ வருகிறது, மண், சாக்பீஸ், சுவர்ச் சுண்ணாம்பைத் தின்கிறான், முகமும் உள்ளங்கையும் வெளுத்திருக்கின்றன, சாப்பிடுகிற நாலைந்து வகையும் ஒவ்வொன்றாகக் குறைகிறது, கூடவே பேச்சும் குறைவு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. பால் இவ்வளவு குடித்திருப்பதால் ஒரு தடவை ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 11-க்குக் கீழே என்றால் இரும்புச்சத்து மருந்து தேவைப்படும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை கொடுத்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகவே தருகிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் யார் ஊட்டுவார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நம் ஊரில் 1982-ல் சத்துணவுத் திட்டம் வந்தபோதே இரண்டு வயதுப் பிள்ளைகளிலிருந்து சேர்த்துச் சாப்பாடு போட்டார்கள். இன்றும் உங்கள் தெரு அங்கன்வாடிக்கு மதியம் ஒரு நாள் போய்ப் பாருங்கள். வரிசையாக உட்கார்ந்து, தட்டை மடிக்கு இழுத்து, அவரவர் கையால் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் ‘ஊட்டினால்தான் சாப்பிடுவான்’ என்ற பெயர் வாங்கியவர்களாக இருப்பார்கள். பக்கத்துப் பிள்ளை சாப்பிடுவதைப் பார்த்தாலே கை தானாகத் தட்டுக்குப் போகும். உங்கள் பையனுக்கும் அப்படித்தான் நடக்கும்.

பள்ளியில் பிள்ளைகள் பட்டினியோடு திரும்புவதற்குப் பல நேரம் டப்பாதான் காரணம். மூடி இறுக்கமாக இருக்கும், பிஞ்சு விரலுக்குத் திறக்க வராது. கேட்கக் கூச்சப்பட்டு அப்படியே பைக்குள் வைத்துவிடுவார்கள். ஜூனுக்கு முன்னாலேயே டப்பாவை வாங்கிவிடுங்கள். கடையில் அவனையே திறந்து மூடிப் பார்க்கச் சொல்லி, அவனுக்கு வருகிற டப்பாவை எடுங்கள். மே மாதம் முழுக்க வீட்டில் பதினோரு மணிப் பழத்தை அந்த டப்பாவில் போட்டே கொடுங்கள்.