சிறையிலிருந்து கோட்டைக்கு: ஆப்பிரிக்கத் தலைவர்களைப் பிரிட்டன் பார்த்த விதம் – கேள்வி பதில்

பிரிட்டனின் ஆப்பிரிக்கக் காலனிகள் விடுதலை பெற்ற காலம் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பல வருடமாக நான் விடாமல் படித்துவரும் விஷயம் இது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: கானாவின் விடுதலைத் தலைவர் என்க்ருமாவைச் சிறையில் போட்டவர்களே அவரை ஆட்சியில் உட்கார வைத்தார்களாமே, உண்மையா சார்?

பதில்: உண்மைதான். 1948 பிப்ரவரியில், இன்றைய கானாவின் தலைநகர் அக்ராவில், கோரிக்கை மனுவோடு ஊர்வலம் போன முன்னாள் படைவீரர்கள்மீது போலீஸ் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். கலவரம் மூண்டது. அரசு பழியைத் தலைவர்கள்மேல் போட்டு என்க்ருமா உட்பட ஆறு பேரைப் பிடித்தது. என்க்ருமாவிடம் கையெழுத்துப் போடாத கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் அட்டை ஒன்று கிடைத்தது. சந்தேகப்பட அதுவே போதுமானதாக இருந்தது. 1950இல் காந்திய வழியில் வேலைநிறுத்தமும் புறக்கணிப்பும் நடத்தினார், மறுபடி சிறை. ஆளுநர் ஆர்டன்-கிளார்க் ஒரு கடிதத்தில் அவரை 'உள்ளூர் ஹிட்லர்' என்றே எழுதினார்.

1951 பிப்ரவரியில் தேர்தல் வந்தது. என்க்ருமா சிறையிலிருந்தபடியே நின்றார். அக்ரா சென்ட்ரல் தொகுதியில் பதிவான 23,122 வாக்குகளில் 22,780 அவருக்கு விழுந்தன. சில நாட்களில் அதே ஆளுநர் அவரை விடுவித்து அரசு நடத்த அழைத்தார். உள்ளே போன என்க்ருமாவும் வெளியே வந்தவரும் ஒருவர்தான். அவரைத் தவிர நாட்டை நடத்த வேறு ஆளில்லை என்பதை வாக்குப்பெட்டி காட்டிவிட்டது.

கேள்வி: கென்யாவின் தலைவர் கென்யாட்டா கதையும் இப்படித்தானா? மாவ் மாவ் வன்முறைக்கு அவர்தானே தலைவர்?

பதில்: தம்பி, இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அவர் தலைவர் என்பதை நிரூபிக்கவே முடியவில்லை. மாவ் மாவ் என்பது கென்யாவில் நிலத்தைப் பறிகொடுத்த கிகூயு இன மக்களிடமிருந்து எழுந்த ரகசிய ஆயுதப் போராட்டம். கென்யாட்டா 1952 ஆகஸ்டில் ஒரு பெரிய கூட்டத்தில் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். ஆனாலும் அக்டோபர் 20 அன்று அவசரநிலை அறிவித்ததும் முதலில் பிடித்தவர்களில் அவரும் ஒருவர்.

நைரோபியில் வழக்கை நடத்தினால் கூட்டம் திரளும் என்று வடமேற்கில் எங்கோ இருக்கும் கபெங்குரியாவில் நடத்தினார்கள். நீதிபதி தாக்கருக்கு அரசிடமிருந்து 20,000 பவுண்டு போனது. கென்யாட்டா ஆட்களுக்கு மாவ் மாவில் சேரும் சத்தியம் செய்து வைத்ததைப் பார்த்தேன் என்று சொன்ன முக்கியச் சாட்சி ராசன் மச்சாரியா. அவருக்கு இங்கிலாந்தில் படிக்க ஏற்பாடு செய்துகொடுத்தார்கள். 1958இல் அவரே, தான் சொன்னது பொய் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தார். அந்தப் பத்திரம்தான் பொய் என்று அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள்! எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனம் ஆறுவதில்லை.

கென்யாட்டாவுக்கு ஏழு வருடக் கடுங்காவல். தண்டனை முடிந்த பிறகும் விடவில்லை. 1960இல் ஆளுநர் ரெனிசன் அவரை 'இருளுக்கும் சாவுக்கும் இட்டுச்செல்லும் தலைவர்' என்றார். ஆனால் 1961 தேர்தலில் அதிக வாக்கு வாங்கிய கானு கட்சி, அவரை விடாமல் ஆட்சி அமைக்க மாட்டோம் என்று உறுதியாக நின்றது. பிரிட்டன் தனக்கு ஏற்ற மிதவாதிகள் என்று கருதிய காடு (KADU) என்ற இன்னொரு கட்சியை வைத்துச் சமாளித்துப் பார்த்தது. அது நீடிக்காது என்று தெரிந்ததும் ஆகஸ்டில் விடுவித்தது.

அப்புறம் 1963இல் ஆளுநராக வந்த மால்கம் மெக்டொனால்டு, இவரை நம்பித்தான் நாட்டை ஒப்படைக்க முடியும் என்ற முடிவுக்கு வந்தார். கென்யாட்டா நகூருவில் வெள்ளைக்கார விவசாயிகளிடம் பேசினார்: பழசை மறப்போம், நீங்கள் இங்கேயே இருந்து விவசாயம் செய்யுங்கள் என்றார். அவரைத் தூக்கில் போடச் சொன்ன கூட்டம் கை தட்டியது. 1963 டிசம்பர் 12 அன்று விடுதலை. வெள்ளையர் சொத்துக்குப் பாதுகாப்பு என்றானதும் அவரைப் பற்றிய பேச்சே மாறிப்போனது.

கேள்வி: அந்த வழக்கில் இந்திய வழக்கறிஞர்கள் இருந்தார்களா? (சட்டக் கல்லூரி மாணவி)

பதில்: இருந்தார்கள் அம்மா. தலைமை வழக்கறிஞர் லண்டனிலிருந்து வந்த பிரிட். நேரு அனுப்பிவைத்த திவான் சமன்லாலும், கென்யாவிலேயே தொழில் செய்த இந்திய வம்சாவளியினர் சிலரும் அவரோடு நின்றார்கள். கென்யாவின் தொழிற்சங்கத் தலைவர் மக்கன் சிங்கைப் பற்றியும் தேடிப் படியுங்கள். 1950இல் காவலில் வைத்தவரை 1961இல்தான் விட்டார்கள்.

கேள்வி: பிரிட்டிஷ்காரர்கள் எல்லோருமே ஒரே மாதிரிதானா?

பதில்: நிச்சயமாக இல்லை. நாடாளுமன்றத்தில் ஃபென்னர் பிராக்வே, பார்பரா காஸில் போன்ற தொழிற்கட்சியினர் விடாமல் கேள்வி எழுப்பினார்கள். 1959 மார்ச்சில் கென்யாவின் ஹோலா தடுப்புக்காவல் முகாமில் 11 கைதிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். தண்ணீர் குடித்ததால் இறந்தார்கள் என்று அரசு முதலில் அறிக்கை விட்டது. அதைக் கடுமையாகக் கண்டித்துப் பேசியவர்களில் ஆளுங்கட்சியின் ஈனாக் பவலும் உண்டு. காலனியில் இருந்த வெள்ளைக் குடியேறிகள், ஆளுநர் மாளிகை, லண்டன் அமைச்சகம் மூன்றும் பல நேரம் மூன்று திசையில் இழுத்தன.

கேள்வி: வன்முறைக் குற்றச்சாட்டே இல்லாத தலைவரையும் ஒதுக்கினார்களா?

பதில்: செரெட்சே காமா. இன்றைய போட்ஸ்வானாவில் பமங்வாட்டோ மக்களின் தலைமைக்கு உரியவர். 1948இல் ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பக்கத்தில் நிறவெறி தென்னாப்பிரிக்கா கொதித்தது. விசாரணைக் குழு, ஆளத் தகுதியானவர்தான், ஆனால் தென்னாப்பிரிக்காவைப் பகைக்க முடியாது என்று எழுதியது. அந்த அறிக்கையை வெளியிடாமல் அமுக்கிவிட்டு அவரை நாடு கடத்தினார்கள். இதைச் செய்தது தொழிற்கட்சி அரசு என்பதுதான் எனக்குக் கூடுதல் வருத்தம். 1956இல் திரும்ப அனுமதித்தார்கள். 1966இல் அவர் குடியரசுத் தலைவரானார், சர் பட்டமும் கொடுத்தார்கள்.

கேள்வி: பிரிட்டன் மன்னிப்புக் கேட்டதா ஐயா?

பதில்: மாவ் மாவ் காலத்தில் கென்யாவின் தடுப்புக்காவல் முகாம்களில் சித்திரவதைப்பட்ட முதியவர்கள் ஐந்து பேர் 2009இல் லண்டனில் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கால்தான், விடுதலைச் சமயத்தில் காலனிகளிலிருந்து எடுத்துப்போய் இங்கிலாந்தில் ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசு வளாகத்தில் பூட்டிவைத்த கோப்புகள் 2011இல் வெளியே வந்தன. 2013 ஜூனில் வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக் வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்கு 1.99 கோடி பவுண்டு தருவதாக அறிவித்தார். சட்டப்படியான பொறுப்பை ஏற்கவில்லை. வழக்குப் போட்ட ஐவரில் ஒருவரான சூசன் என்கோண்டி என்ற பெண்மணி அதற்குள் இறந்துவிட்டார்.