தொடு ஒவ்வாமை: ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்றா? தோல் மருத்துவர் பதில்கள்

கேள்வி (ஈரோடு வாசகி): கவரிங் தோடு போட்ட இரண்டே நாளில் எனக்குக் காது மடல் அரித்து நீர் வடிகிறது. என் கணவர் கவரிங் மோதிரம் அணிகிறார். அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. பெண்களின் தோல் மென்மையானது என்பதால்தானா?

பதில்: தோலின் மென்மை இதற்குக் காரணமல்ல. இது தொடு ஒவ்வாமை, அதாவது தோலில் படும் பொருளால் வரும் ஒவ்வாமை. கவரிங் நகையின் முலாமுக்கு அடியில் பல நேரங்களில் நிக்கல் இருக்கும். முலாம் தேய்ந்ததும் வியர்வை அதைக் கரைத்துத் தோலில் சேர்க்கிறது. காது குத்திய துளை ஆறுவதற்குள் அத்தகைய தோட்டை மாட்டினால், நிக்கல் நேரடியாக உள்ளே போய், உடலின் நோயெதிர்ப்பு அணுக்களான டி அணுக்கள் அதைப் பகையாகப் பதிந்துகொள்கின்றன. அப்படிப் பதிந்தது பெரும்பாலும் ஆயுளுக்கும் அழிவதில்லை. பிறகு கைக்கடிகாரக் கொக்கியும், தொப்புளுக்குக் கீழே ஜீன்ஸ் பொத்தானும்கூட அரிப்பைக் கிளப்பும். ஐரோப்பிய ஆய்வுகளில் நிக்கல் ஒவ்வாமை ஆண்களைவிடப் பெண்களிடம் பல மடங்கு அதிகமாக இருந்தது. டென்மார்க் 1990-இலும், ஐரோப்பிய ஒன்றியம் 1994-இலும் நகைகளிலிருந்து கசியும் நிக்கலுக்கு வரம்பு விதித்தன. அதன் பிறகு காது குத்திக்கொண்ட டென்மார்க் இளம்பெண்களிடம் இந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. அவர்களுடைய தோல் அப்படியேதான் இருந்தது. தோட்டின் உலோகம்தான் மாறியது.

கேள்வி (மதுரை வாசகர்): நான் கொத்தனார். இரு கைகளிலும் தோல் தடித்து வெடித்திருக்கிறது. இது ஆண்களுக்கு மட்டுமே வருமா?

பதில்: ஈரச் சிமெண்டில் கரைந்திருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் என்னும் உலோக வடிவம் இதற்குக் காரணமாக இருக்கலாம். கட்டட வேலையில் ஆண்கள் மிகுந்த நாடுகளில் இது ஆண்களின் நோயாகவே பதிவானது. நம் ஊரில் சித்தாளாகக் கலவை சுமக்கும் பெண்களும் ஏராளம். ஒரு பெண் கையில் வெடிப்போடு வந்தால் "சோப்புத்தூளால் வந்திருக்கும்" என்று சொல்லி, அவர் என்ன வேலை செய்கிறார் என்றே கேட்காமல் அனுப்பிவிடுவது பெரும் தவறு.

கேள்வி (தருமபுரி வாசகி): என் அப்பாவுக்கு இமை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் கருத்துத் தடித்து அரிக்கின்றன. அதே வயலில் களையெடுக்கும் அம்மாவுக்கு ஒன்றும் இல்லையே?

பதில்: நீங்கள் சொல்லும் இடங்கள் பார்த்தீனியம் செடியையே முதலில் நினைக்க வைக்கின்றன. 1950-களில் புனே பக்கம் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவிய இந்தச் செடியின் உலர்ந்த துகள்கள் காற்றில் பறந்து, ஆடை மூடாத தோலிலும் மடிப்புகளிலும் படிகின்றன. இந்திய மருத்துவமனைகளுக்கு இந்நோயோடு வருபவர்களில் பெரும்பாலோர் ஆண்களே. ஆண்கள் மேலாடையின்றி வெளியில் அதிக நேரம் இருப்பது ஒரு காரணம். ஆனால் பெண்களும் அதே களையைக் கையால் பிடுங்குகிறார்கள் என்பதால், அது மட்டுமே முழு விளக்கமாகாது. அப்பா அந்தச் செடியை எரிக்கும் இடத்துக்குப் போகவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் குளித்து, உடுப்பை மாற்ற வேண்டும்.

கேள்வி (சென்னை வாசகர்): அப்படியானால் ஹார்மோனுக்குப் பங்கே இல்லையா?

பதில்: பொதுவாகப் பெண்களின் நோயெதிர்ப்பு வலுவானது என்பது உண்மைதான். ஆயினும் தன்னார்வலர்களின் தோலில் வேதிப்பொருளைத் தடவி ஒவ்வாமையை உண்டாக்கிப் பார்த்த சோதனைகளில், சிலவற்றில் பெண்களும் சிலவற்றில் ஆண்களும் முந்தினார்கள். ஆகவே ஹார்மோனைவிட, அன்றாடம் தோலில் எது படுகிறது என்பதற்கே நான் அதிக எடை கொடுக்கிறேன்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): ஒட்டுப் பொட்டு வைக்கும் இடம் வெளுக்கிறது.

பதில்: பொட்டின் பசையிலுள்ள வேதிப்பொருள் நிறமி அணுக்களைச் சிதைத்திருக்கலாம். இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (சேலம் வாசகர்): மீசைக்குச் சாயம் பூசினால் உதடு வீங்குகிறது. எந்தச் சோதனை செய்ய வேண்டும்?

பதில்: பேட்ச் டெஸ்ட். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் 48 மணி நேரம் ஒட்டிவைத்து, எடுத்தவுடன் ஒருமுறையும், ஓரிரு நாள் கழித்து மறுமுறையும் பார்ப்போம். கருஞ்சாயங்களில் உள்ள பிபிடி என்னும் பொருளே பெரும்பாலும் பிடிபடும். முடிவு தெரியும்வரை சாயம் வேண்டாம். கருப்பு மருதாணி என்று விற்பதிலும் அதே பொருளைக் கலப்பதுண்டு.